கேளுங்க சொல்றேன்: ஸ்நோ ஒயிட்டை யார் கெடுத்தது?

போன இதழ்ல டிஸ்னியோட 2025 'ஸ்நோ ஒயிட்' படம் எப்படின்னு ஒரு வாசகர் கேட்டிருந்தார். "இவ்ளோ திட்டு வாங்கற அளவுக்கு மோசமும் இல்ல, மல்லுக்கட்டி காப்பாத்தற அளவுக்கு நல்லாவும் இல்ல"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டேன். ஒரு வரியெல்லாம் பத்தாதுன்னு மெயில், வாட்ஸ்அப், ரெண்டு போஸ்ட்கார்டு கூட (இன்னும் எழுதறாங்கப்பா!) வந்து குவிஞ்சிருக்கு. அதனால இந்த தடவை முழுக்க இந்த பஞ்சாயத்துதான். தங்கம் விலை, தேர்தல் எல்லாம் கேட்டவங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

என் பொண்ணுக்கு ஆறு வயசு. தியேட்டர்ல ஸ்நோ ஒயிட் பார்த்துட்டு வந்ததுல இருந்து வீட்ல அதே பாட்டு, அதே ஆட்டம். ஆனா நெட்ல பத்துக்கு ரெண்டு மார்க் கூட போடல. எனக்கும் என் பொண்ணுக்கும்தான் ரசனை கெட்டுப்போச்சா?
*ஈரோட்டிலிருந்து ஒரு அம்மா*

உங்க ரசனைக்கு ஒண்ணும் ஆகலம்மா. படம் வந்த சமயத்துல ஐஎம்டிபிங்கற சினிமா சைட்ல ரேட்டிங் 10க்கு 2க்கும் கீழ போனது நிஜம்தான், ஆனா அங்க ஓட்டு போட டிக்கெட் வாங்கணும்னு அவசியமே இல்ல, ஒரு அக்கவுன்ட் இருந்தா போதும், படத்தோட போஸ்டரை கூட பார்க்காதவன் ராத்திரி ரெண்டு மணிக்கு உக்காந்து 1 போட்டுட்டு தூங்கப் போயிடலாம். 2023ல டிஸ்னியோட கடல்கன்னி படம் 'லிட்டில் மெர்மெய்ட்' வந்தப்போ இதே கூத்து நடந்து, வழக்கத்துக்கு மாறா ஓட்டு விழுதுன்னு அந்த சைட்டே நோட்டீஸ் போட்டு மார்க் கணக்கு பண்ற முறையை மாத்துச்சு.

டிக்கெட் வாங்கி உள்ள போனவங்க என்ன சொன்னாங்கங்கறது தனிக் கணக்கு. அமெரிக்காவுல சினிமாஸ்கோர்னு ஒரு கம்பெனி இருக்கு, 1979ல இருந்து நடத்தறாங்க. முதல் நாள் ஷோ முடிஞ்சு வெளிய வர்றவங்க கையில ஒரு சின்ன அட்டையை குடுப்பாங்க, ஆணா பொண்ணா, என்ன வயசு, எதுக்காக இந்த படத்துக்கு வந்தீங்க, என்ன கிரேடு தர்றீங்க, அவ்ளோதான், அட்டை ஓரத்துல உங்க பதிலுக்கு நேரா இருக்கற துண்டை மடிச்சு குடுத்துட்டு போயிட்டே இருக்கலாம். அதுல ஸ்நோ ஒயிட்டுக்கு வந்தது பி பிளஸ். நம்ம ஸ்கூல் கணக்குல பி பிளஸ் நல்ல மார்க்தானேன்னு தோணும். ஆனா புள்ளைங்களோட படத்துக்கு வந்த அப்பா அம்மா ரொம்ப தாராளமா மார்க் போடுவாங்க, புள்ள சிரிச்சுட்டா அவங்களுக்கு ஏ தான். 2015 'சிண்ட்ரெல்லா'வுக்கு ஏ, 2016 'ஜங்கிள் புக்'குக்கு ஏ, 2017 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்'டுக்கு ஏ, நெட்டே சேர்ந்து திட்டுன லிட்டில் மெர்மெய்டுக்கும் ஏ. அந்த வரிசையில பி பிளஸ்னா 'பரவால்ல, புள்ள அழல'ன்னு அர்த்தம்.

நான் பார்த்த ஷோவுல பாதி சீட் காலி. என் பின் சீட்ல ஒரு வாண்டு, படம் முழுக்க கமென்ட்ரி. ராணி கிழவி வேஷம் போட்டு ஆப்பிளை நீட்டறா, தியேட்டரே கப்சிப், அந்த நேரம் பார்த்து "கழுவாம சாப்பிடப் போறா பாரும்மா"ன்னு சத்தமா ஒரு குரல். பெரியவங்கல்லாம் குபீர்னு சிரிச்சுட்டாங்க, புள்ளைங்க ஒண்ணு கூட சிரிக்கல, அதுங்களுக்கு அது உண்மையான கவலை. ஹீரோயின் என்ன நிறம், எந்த பேட்டியில என்ன பேசுனா, எதுவும் அந்த வரிசையில யாருக்கும் தெரியாது. ஆப்பிள் சாப்பிடுவாளா மாட்டாளா, அதான் விஷயமே.

கதையை இஷ்டத்துக்கு மாத்திட்டாங்களே சார், நூறு வருஷமா சொல்லிட்டு வர்ற ஒரிஜினலை அப்படியே எடுத்தா என்ன குறைஞ்சு போச்சு?
*மதுரை, கல்லூரி மாணவர்*

தம்பி, ஒரிஜினலை அப்படியே எடுத்தா சென்சார்ல ஏ சர்டிஃபிகேட் வாங்கிட்டு நீயும் நானும் மட்டும்தான் போய் பார்க்கணும்.

க்ரிம் அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஜெர்மன்ல இந்த கதையை முதல்ல அச்சுல போட்டது 1812ல. அதுல பொண்ணை கொல்லச் சொல்றது சித்தி இல்ல, பெத்த அம்மா. ஆமா, பெத்த அம்மாவே. படிச்சவங்களுக்கு ஜீரணமாகாதுன்னு 1819 பதிப்புல அந்த அண்ணன் தம்பியே அதை சித்தியா மாத்திட்டாங்க. ஈரலையும் நுரையீரலையும் வெட்டி எடுத்துட்டு வரச் சொல்லி சமைச்சு சாப்பிடறா ராணி (வேடன் ஏமாத்தி காட்டுப் பன்னியோடதை குடுத்துடறான், அது வேற). ஆப்பிளுக்கு முன்னாடி ரெண்டு தடவை வந்து கொல்லப் பார்க்கறா, முதல்ல இடுப்புக் கயிறை இறுக்கி, அடுத்தது விஷ சீப்பு. இளவரசன் முத்தமெல்லாம் கிடையவே கிடையாது! கண்ணாடிப் பெட்டியை தூக்கிட்டு போறப்போ வேலைக்காரன் கால் தடுக்கி பெட்டி குலுங்குது, தொண்டையில மாட்டுன ஆப்பிள் துண்டு வெளிய வந்து விழுது, எந்திரிச்சு உக்காந்துடறா. கடைசியில கல்யாணத்துக்கு வந்த ராணிக்கு நெருப்புல பழுக்க காய்ச்சுன இரும்பு செருப்பை மாட்டிவிட்டு செத்து விழற வரைக்கும் ஆடவிடறாங்க.

குள்ளர்களுக்கு க்ரிம் கதையில பேரே இல்ல. டாக், க்ரம்பி, டோபின்னு இப்ப நமக்கு தெரிஞ்ச பேரெல்லாம் 1937 டிஸ்னி கார்ட்டூன் வெச்சது. முத்தமும் அந்தப் படத்துல வந்ததுதான் எல்லார் மனசுலயும் பதிஞ்சுது. அப்ப நீங்க ஒரிஜினல்னு சொல்றது நீங்க சின்ன வயசுல பார்த்ததை. தப்பில்ல, எனக்கும் அப்படித்தான். ஆனா "மாத்திட்டான்"ங்கறது மட்டும் ஒரு குத்தம்னா முதல் குத்தவாளி க்ரிம் சகோதரர்கள்தான். மாத்துனது நல்லா இருக்கா இல்லையான்னு கேளுங்க, அதுக்கு இந்த படத்தை தாராளமா திட்டலாம், நானும் கூட சேர்ந்துக்கறேன்.

'பனி மாதிரி வெள்ளை'ன்னு பேரை வெச்சுட்டு ஹீரோயினை அப்படி போடலையே, இது நியாயமா?
*கோவை வாசகர்*

எங்க ஊர்ப் பக்கம் வெள்ளைச்சாமின்னு ஒரு பெரியவர் இருந்தார், அட்டக்கறுப்பு. யாரும் கேள்வி கேக்கல.

ஹீரோயின் ரேச்சல் ஜெக்லரோட அம்மா வழி கொலம்பியா. பேரு பிரச்சனையை படத்துல ஒரே வரியில தாண்டிட்டாங்க, பனிப்புயல் அடிச்ச ராத்திரி பொறந்ததால அந்த பேருன்னு. அந்த பொண்ணோட குரல் இருக்கே, படத்துல குறை சொல்ல முடியாத ஒண்ணு அதுதான், திட்டுன விமர்சகர்கள் கூட அதை ஒத்துக்கிட்டாங்க. எதிர்ல ராணியா வர்ற கால் கடோட் பாடற பாட்டை கேட்டா நான் சொல்றது புரியும்.

இந்த நிறத்து சண்டை 2022 செப்டம்பர்லயே ஒரு ரவுண்டு நடந்து முடிஞ்சது. லிட்டில் மெர்மெய்ட் டீசர் வந்த உடனே கறுப்பின பொண்ணு ஹாலி பெய்லி எப்படி கடல்கன்னியா நடிக்கலாம்னு யூடியூப்ல லட்சக்கணக்குல டிஸ்லைக். அதே வாரத்துல இன்னொரு பக்கம் அமெரிக்காவுல கறுப்பின அம்மா அப்பாக்கள் தங்களோட குட்டிப் பொண்ணுங்களை டிவி முன்னாடி உக்கார வெச்சு அந்த டீசரை போட்டு மூஞ்சியை வீடியோ எடுத்து போட்டாங்க. ஒரு நிமிஷ டீசர்தான். தண்ணிக்குள்ள இருந்து முகம் திரும்புது, பாட்டு வருது, குழந்தை வாயை மூடிக்கிட்டு அம்மாவை திரும்பி பார்க்குது, 'என்ன மாதிரியே இருக்கா'ன்னு சொல்லுது. டிஸ்லைக் போட்டவங்களோட வாதம் எதுக்கும் அதுங்க பதில் சொல்லல, சொல்ல வேண்டிய அவசியமும் இல்ல. அந்த படம் அமெரிக்காவுல மட்டும் கிட்டத்தட்ட 30 கோடி டாலர் பண்ணுச்சு. ஆனா சைனாவுல 40 லட்சம் டாலர் கூட வரல, கொரியாவுலயும் அடி. அதனால நெட்ல கத்துனவங்க மொத்தமா தோத்துட்டாங்கன்னு நான் சொல்ல மாட்டேன், ஊருக்கு ஊர் கணக்கு வேற.

ஏழு குள்ளர்கள் விஷயத்துல என்னதான் நடந்துச்சு? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நடிகர்களை வெச்சே எடுத்திருக்கலாமே?
*திருச்சி வாசகி*

இதுதான் முக்கியமான கேள்வி, கொஞ்சம் நீளமா சொல்றேன்.

2022 ஜனவரியில 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' சீரியல் நடிகர் பீட்டர் டிங்க்லேஜ் இந்த படத்தை பத்தி ஒரு பாட்காஸ்ட்ல பேசுனார். ஹீரோயின் தேர்வுல முன்னேறிட்டோம்னு பெருமைப்பட்டுக்கறீங்க, ஆனா குகையில வாழற ஏழு குள்ளர்கள்ங்கற அதே பிற்போக்கு கதையைத்தான எடுக்கறீங்கன்னு. அவரும் உயரம் குறைஞ்சவர், அதனால வார்த்தைக்கு வெயிட் ஜாஸ்தி. மறுநாளே டிஸ்னி பம்மிடுச்சு, பழைய படத்துல இருந்த மாதிரி காட்ட மாட்டோம், வேற விதமா அணுகறோம், அந்த சமூகத்து ஆளுங்ககிட்ட பேசிட்டு இருக்கோம்னு அறிக்கை. உடனே அதே மாதிரி உயரம் குறைஞ்ச வேற நடிகர்கள் கிளம்பிட்டாங்க, அவருக்கு வேலைக்கு பஞ்சம் இல்ல, எங்களுக்கு வர்றதே இந்த மாதிரி ஏழு ரோல், அதையும் ஏன் கெடுக்கறீங்கன்னு. அதுவும் நியாயம்தானே? 2023 ஜூலையில ஷூட்டிங் போட்டோ லீக்காச்சு. ஹீரோயின் பின்னாடி ஆணும் பெண்ணுமா, விதவிதமான உயரத்துல, விதவிதமான நிறத்துல ஒரு கூட்டம் நடந்து போகுது. குள்ளர்கள் எங்கடான்னு நெட் முழுக்க கிண்டல். அக்டோபர்ல டிஸ்னி ஒரு ஸ்டில் விட்டுச்சு, அதுல 1937 கார்ட்டூன் மூஞ்சியே கொஞ்சம் சதை வெச்ச மாதிரி ஏழு பேர், மொத்தமும் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ். 2024 மார்ச்ல வர வேண்டிய படம் 2025 மார்ச்சுக்கு போச்சு.

படத்துல உக்காந்து பார்த்தா இந்த வரலாறு பூரா கண்ணு முன்னாடி தெரியும். காட்டுக்குள்ள ஏழு குள்ளர்கள் ஒரு பக்கம், அதே காட்டுக்குள்ள ஒரு கொள்ளைக் கூட்டம் இன்னொரு பக்கம், ரெண்டு கும்பலுக்கும் கதையில ஏறக்குறைய ஒரே வேலை, அந்தப் பொண்ணுக்கு துணையா இருக்கறது. அந்த கொள்ளைக் கூட்டத்துல ஜார்ஜ் ஆப்பிள்பின்னு உயரம் குறைஞ்ச நடிகர் ஒருத்தரும் இருக்கார். க்ரம்பிக்கு குரல் குடுத்த மார்ட்டின் க்ளெப்பாவும் அப்படித்தான். ஆக யாரையும் கோவப்படுத்திடக் கூடாதுன்னு எல்லாருக்கும் ஒரு ஸ்பூன் பரிமாறியிருக்காங்க, இலையை பார்த்தா எதுவும் சாப்பிடற அளவுக்கு இல்ல. என்னோட குறை இது ஒண்ணுதான். படத்தை எடுத்தவங்க, படத்தை பார்க்கவே போறது இல்லாத ஆளுங்களை பார்த்து பயந்திருக்காங்க. ஒவ்வொரு கூச்சலுக்கும் ஒரு திருத்தம். அந்த நேரத்துல உங்க ஈரோட்டு பாப்பா மாதிரி ஆளுங்க என்ன கேப்பாங்கன்னு யாராவது யோசிச்சாங்களான்னு தெரியல.

தைரியமா முடிவெடுத்தவங்க இருக்காங்க. 2012ல ஒரே வருஷத்துல மூணு ஸ்நோ ஒயிட் வந்துச்சு. நம்ம ஜலந்தர்ல பொறந்த தர்செம் சிங் எடுத்த 'மிரர் மிரர்'ல ஏழு பேரும் நிஜமாவே உயரம் குறைஞ்ச நடிகர்கள், அதுவும் காமெடி பீஸா இல்லாம கட்டை கட்டி நடந்து வழிப்பறி பண்ற ஜோரான கொள்ளைக்காரங்க, கடைசியில நம்ம ஊர் படம் மாதிரி எல்லாரும் சேர்ந்து ஒரு குத்துப்பாட்டு வேற. 'ஸ்நோ ஒயிட் அண்ட் த ஹன்ட்ஸ்மேன்'ல பாப் ஹாஸ்கின்ஸ், இயன் மெக்ஷேன் மாதிரி சாதாரண உயரத்து பெரிய நடிகர்களை கிராபிக்ஸ்ல சின்னதாக்கி நடிக்க வெச்சாங்க, அதுக்கு எதிர்ப்பு வந்துச்சு, அவங்க அசரல. ஸ்பெயின்ல 'பிளாங்காநீவெஸ்'னு ஒரு கறுப்பு வெள்ளை ஊமைப்படம், அதுல குள்ளர்கள் ஊர் ஊரா போய் மாடு அடக்கற கூட்டம், சல்லிக்கட்டு ஊர்க்காரங்க கண்டிப்பா தேடிப் பார்க்கணும். மூணுல எது பிடிக்கும் பிடிக்காதுங்கறது உங்க இஷ்டம், ஆனா மூணுலயும் எடுத்தவனுக்கு என்ன வேணும்னு தெரிஞ்சிருக்கு.

இவ்ளோ எதுக்கு, 2005ல மலையாளத்துல வினயன் ஒரு தீவு முழுக்க உயரம் குறைஞ்ச நடிகர்களை வெச்சு எடுத்தாரே, தமிழ்ல 'அற்புத தீவு'ன்னு வந்துச்சு, அதுல ஹீரோவா நடிச்சதுக்குத்தான் கின்னஸ் பக்ருவுக்கு கின்னஸ் பட்டமே.

ஹீரோயின் வாய் சும்மா இருந்திருந்தா படம் ஓடியிருக்கும்னு எங்க ஆபீஸ்ல எல்லாரும் சொல்றாங்க. உங்க கருத்து?
*சேலம் வாசகர்*

வாய் கொஞ்சம் ஜாஸ்திதான், மறுக்கல. பழைய படத்துல இளவரசன் பின்னாடியே சுத்தறது ஒரு மாதிரி இருக்கு, இந்த தடவை அவன் வந்து காப்பாத்த மாட்டான்ங்கற ரேஞ்சுல 2022ல குடுத்த பேட்டி ஒரு வருஷம் கழிச்சு சுத்த ஆரம்பிச்சு, பழைய படத்தை உசுரா நினைக்கறவங்களுக்கு சுருக்குன்னு குத்திடுச்சு. (அந்த இளவரசன் 1937 படத்துல வர்றதே ஆரம்பத்துலயும் கடைசியிலயும் தான், ஆம்பளை உருவத்தை இயல்பா வரையறது அப்ப அனிமேட்டர்களுக்கு பெரும்பாடா இருந்ததால சீனை குறைச்சுட்டாங்க.) அதுக்கு மேல 2024ல டிரெய்லருக்கு நன்றி சொல்லி போட்ட பதிவோட பாலஸ்தீனத்துக்கு ஆதரவா ஒரு வரி. ராணியா நடிச்ச கால் கடோட் இஸ்ரேல்காரர். ஒரு கூட்டம் இவளுக்காக புறக்கணிப்போம்ங்குது, இன்னொரு கூட்டம் அவளுக்காக புறக்கணிப்போம்ங்குது, லெபனான்ல கடோட் இருக்கறதால படத்துக்கே தடை. ஹாலிவுட் பிரீமியர்ல பேட்டி எடுக்கற பத்திரிகைக்காரங்களை ரெட் கார்ப்பெட் பக்கமே விடல. கல்யாணத்தை வெச்சுட்டு பந்தலுக்கு பூட்டு போட்ட மாதிரி.

ஆனா அதனாலதான் ஊத்திக்கிச்சான்னா, முழுசா அப்படி சொல்ல முடியாது. 25 கோடி டாலர் போல செலவுன்னு பேச்சு, உலகம் பூரா வசூல் 20 கோடி சொச்சம், அதுலயும் தியேட்டர்காரங்க பங்கு போனா மிச்சம் என்ன? அதே டிஸ்னி ரெண்டு மாசம் கழிச்சு மே மாசம் 'லிலோ அண்ட் ஸ்டிச்' விட்டுச்சு, 100 கோடி டாலரை தாண்டிடுச்சு. டிஸ்னி மேல நெட்டுக்கு இருந்த கோவம் ரெண்டு மாசத்துல ஆவியாயிடுச்சா என்ன? இல்ல, புள்ளைங்க "அந்த நீல பொம்மை படத்துக்கு கூட்டிட்டு போ"ன்னு அழுதுச்சுங்க, அவ்ளோதான். ஸ்நோ ஒயிட்டுக்கு அப்படி அழுத புள்ளைங்க கம்மி. சண்டே சாயங்காலம் நாலு டிக்கெட், பாப்கார்ன், பார்க்கிங்னு காசை எடுத்து வெக்கறவங்க புள்ள மூஞ்சியை பார்த்துதான் முடிவு பண்றாங்க.

1937ல முதல் படம் வந்தப்போவும் இப்படி எதிர்ப்பு இருந்ததா? அந்தக் கால ரசிகர்கள் எப்படி வரவேற்றார்கள்?
*சென்னையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்*

நல்ல கேள்வி ஐயா. எதிர்ப்பை விட எகத்தாளம்தான் அதிகம். ஒண்ணேகால் மணி நேரத்துக்கு மேல கார்ட்டூனை எவன் உக்காந்து பார்ப்பான், கண்ணு வலிக்கும்னு சொல்லி 'டிஸ்னியோட பைத்தியக்காரத்தனம்'னே பேர் வெச்சிருந்தாங்க. வீட்ல பொண்டாட்டி வேண்டாம்னாங்க, பார்ட்னர் அண்ணன் வேண்டாம்னார், வால்ட் டிஸ்னி கேக்கல, செலவு ஏறி ஏறி 15 லட்சம் டாலர் பக்கம் போயிடுச்சு. 1937 டிசம்பர் 21ம் தேதி லாஸ் ஏஞ்சலஸ் கார்த்தே சர்க்கிள் தியேட்டர்ல பிரீமியர். குள்ளர்கள் அவ உடம்பை சுத்தி நின்னு அழற சீன்ல, சினிமாவே தொழிலா இருக்கற ஸ்டாருங்க கூட்டம் விசும்பி அழுதுச்சாம், முடிஞ்சதும் எல்லாரும் எந்திரிச்சு நின்னு கைத்தட்டல். பென்சில்ல வரைஞ்ச உருவத்துக்கு மனுஷன் அழுவான்னு அன்னிக்குத்தான் ஊருக்கு தெரிஞ்சுது. ஆஸ்கர்ல ஒரு பெரிய சிலையும் கூட ஏழு குட்டி சிலையும் குடுத்தாங்க, எடுத்து குடுத்தது ஷெர்லி டெம்பிள்.

பஞ்சாயத்து வந்தது பிரிட்டன்ல. சூனியக்காரி சீனெல்லாம் ரொம்ப பயமா இருக்குன்னு சென்சார் 'ஏ' சர்டிஃபிகேட் குடுத்துட்டாங்க, அந்தக் கால கணக்குல 16 வயசுக்கு கீழ இருக்கறவங்க பெரியவங்க துணை இல்லாம போக முடியாது. பயமா இருக்குங்கறது புள்ளைங்க தரப்பு புகார் இல்ல, பெரியவங்க புகார்தான். புள்ளைங்க தரப்புல ஒரு கதை உலாவும், நியூயார்க் ரேடியோ சிட்டி ஹால்ல பயத்துல புள்ளைங்க சீட்டை நனைச்சு நனைச்சு கடைசியில வெல்வெட் சீட்டையெல்லாம் மாத்த வேண்டியதா போச்சுன்னு. ஆதாரம் கேக்காதீங்க, நல்ல கதை.

ஆனா எனக்கு ரொம்ப பிடிச்ச ஸ்நோ ஒயிட் ரசிகர் இவங்க யாரும் இல்ல. 1916ல மார்கரெட் கிளார்க் நடிச்சு ஒரு ஊமைப்படம் வந்துச்சு, நிஜ ஆளுங்க நடிச்ச லைவ் ஆக்ஷன். அடுத்த வருஷ ஆரம்பத்துல கான்சாஸ் சிட்டியில பேப்பர் போடற பசங்களுக்கெல்லாம் இலவச ஷோ போட்டாங்க. கன்வென்ஷன் ஹால், நடுவுல நாலு பக்கமும் பார்க்கற மாதிரி நாலு திரை, ஆயிரக்கணக்குல பையனுங்க. மேல் கேலரியில உக்காந்திருந்த ஒரு பையனுக்கு ரெண்டு திரை சேர்ந்து தெரியுது, ரெண்டும் ஒரே நேரத்துல ஓடல, ஒண்ணுல நடந்தது கொஞ்சம் கழிச்சு இன்னொண்ணுல நடக்குது. விடியக்காலையில எந்திரிச்சு பனியில பேப்பர் போட்டுட்டு திரிஞ்ச 15 வயசு வால்ட் டிஸ்னிதான் அது. தன் நினைவுல பசுமையா இருக்கற முதல் படமே அதுதான்னு பின்னாடி சொல்லியிருக்கார். லைவ் ஆக்ஷன் எடுத்து கார்ட்டூனை கெடுத்துட்டாங்கன்னு இன்னிக்கு கோவப்படறோம், அந்த கார்ட்டூனே ஒரு லைவ் ஆக்ஷனுக்கு ஒரு ரசிகன் இருபது வருஷம் கழிச்சு குடுத்த ரியாக்ஷன். அந்த ஊமைப்படம் தொலைஞ்சே போச்சுன்னு நினைச்சுட்டு இருந்தாங்க, 1992ல ஆம்ஸ்டர்டாம்ல ஒரு பிரின்ட் கிடைச்சிருக்கு.

நம்ம ஊர்ல 'ஜங்கிள் புக்'குக்கு மட்டும் ஏன் அவ்ளோ கூட்டம்?
*ஓசூர் வாசகர்*

ஏன்னா அது நம்ம வீட்டு புள்ள. கிப்ளிங் பொறந்தது பம்பாய், கதை நடக்கறது மத்தியப் பிரதேசம் சிவனி காடு (எழுதுனது அமெரிக்கா வெர்மான்ட்ல பனியில உக்காந்து). 2016ல அமெரிக்காவுக்கு ஒரு வாரம் முன்னாடியே, ஏப்ரல் 8ம் தேதி இங்க விட்டாங்க, லீவு சீசன் வேற, அது வரைக்கும் வந்த ஹாலிவுட் படங்கள்ல இந்தியாவுலயே அதிக வசூல் அதுதான்னு ஆகிடுச்சு. தூர்தர்ஷன்ல மோக்லி கார்ட்டூன் பார்த்து வளர்ந்த செட் அப்போ அப்பா அம்மா ஆகியிருந்தாங்க. இந்தி ஒரு எழுத்து தெரியாத நம்மாளுங்க கூட "ஜங்கிள் ஜங்கிள் பாத் சலி ஹை"ன்னு முனகுனவங்கதானே, அந்த பாட்டை இந்த படத்துக்காக மறுபடி பாட வெச்சு விளம்பரத்துல விட்டாங்க பாருங்க, அதுல விழுந்தவங்க புள்ளையை சாக்கா வெச்சு தாங்களே பார்க்க போனாங்க.

சென்சார் போர்டு யு/ஏ குடுத்ததுக்கு அப்போ செம கிண்டல், ஆனா புலி ஷேர்கான் திடீர்னு பாயற இடத்துல பெரியவங்களே சீட்ல துள்ளுனதை பார்த்திருக்கேன். காட்டுல ஒரு மரம் கூட நிஜம் கிடையாது, லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டுடியோவுல நீல் சேத்திங்கற பையனை தனியா ஓட விட்டு எடுத்தது. புத்தகத்துல மலைப்பாம்பு கா மோக்லிக்கு நண்பன், படத்துல வில்லன், குரங்கு ராஜா லூயி புத்தகத்துலயே இல்ல. இவ்ளோ மாத்தியும் ஒருத்தரும் ஒரிஜினல் ஒரிஜினல்னு கொடி பிடிக்கல, கவனிச்சீங்களா மதுரை தம்பி? இன்னொரு விஷயம், 1942லயே ஹாலிவுட் மோக்லியா நடிச்சவர் நம்ம மைசூர் பக்கத்து யானைப்பாகன் வீட்டுப் புள்ள சாபு. அவர் கதையை தனியா ஒரு இதழ்ல எழுதணும்.

தமிழ் டப்பிங்ல பார்த்தா மதிப்பு குறைவா? என் பேத்தி முன்னால என் மகன் கிண்டல் பண்றான்.
*தூத்துக்குடி, ஒரு ஆச்சி*

ஆச்சி, நீங்க தமிழ்லயே பாருங்க. 2019 'லயன் கிங்'ல பும்பாவுக்கு ரோபோ சங்கரும் டிமோனுக்கு சிங்கம்புலியும் பேசுனதுக்கு தியேட்டர்ல விழுந்த சிரிப்பு இங்கிலீஷ் ஷோவுல விழல. ஸ்காருக்கு அரவிந்த்சாமி, அவரேதான் 1994 கார்ட்டூன் தமிழ்ல வந்தப்போ சிம்பாவுக்கு பேசுனவர். மகன்கிட்ட இதை சொல்லிப் பாருங்க, கப்சிப். (அந்த 2019 படத்தையும் லைவ் ஆக்ஷன்னுதான் விளம்பரம் பண்ணாங்க, மொத்த படத்துல நிஜமா கேமராவுல எடுத்தது ஆரம்பத்துல வர்ற சூரிய உதயம் ஒரே ஒரு ஷாட்!)

என் பையனுக்கு நாலு வயசு. இந்த ஸ்நோ ஒயிட்டை வீட்ல டிவியில போட்டுக் காட்டலாமா? பயப்படுவானா?
*வேலூர் வாசகி*

காட்டலாம், ஆனா கூட உக்காருங்க. ஆரம்பத்துல வர்ற பாட்டும் முயல், மான், முள்ளம்பன்றியும் அவனுக்கு பிடிக்கும், குள்ளர்கள் மூஞ்சி முதல் தடவை க்ளோசப்ல வர்றப்போ கொஞ்சம் மிரளலாம், எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு, அப்புறம் பழகிடும். ராணி கிழவியா மாறற இடமும், கண்ணாடி உடைஞ்சு அவ முடிவு வர்ற இடமும்தான் கவனம், அந்த ரெண்டு சீனுக்கும் ரிமோட் கையில இருக்கட்டும். நடுவுல கொள்ளைக் கூட்டத் தலைவனும் ஹீரோயினும் மாத்தி மாத்தி வாதாடி பாடற பாட்டுல கண்டிப்பா எந்திரிச்சு ஓடிடுவான், அப்போ சாப்பாடு ஊட்டிடுங்க. படம் ரெண்டு மணி நேரத்துக்கு உள்ளதான், மத்தியானமா பார்த்து போடுங்க, ராத்திரி வேண்டாம்.